சூலத்தில் தொங்கும் செப்புத் தகடுகள்

மகனே,

பனித்திட்டில் உனக்கும் உன் துரைக்கும் கடலடிப் பாரைக் காட்டிய மீனவன் எழுதுகிறேன். என்னைப் பற்றி நீ உன் துரையிடம் சொன்னது அவ்வளவுதான் என்பதால் அதையே முதலில் எழுதினேன். பெற்ற அப்பன்தான் எழுதுகிறேன் என்பது கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். இந்த எழுத்து உன்னிடமிருந்து வந்தது. பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்த வருடம், சாயங்காலத்தில் நீ சிலேட்டில் எழுதி எழுதி அழித்ததை, பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே பார்த்துக் கற்றவன் நான். நீ 'ழ' போடும்போது வால் கோணிக்கொள்ளும். எனக்கும் கோணிக்கொள்கிறது. இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். எழுதி முடித்ததும் அம்மன் கோயில் வாசலில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவேன். அதற்கப்புறம் மீன்கூடையோடு புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பேன். வழியில் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கட்டும். இது எனக்கும் உனக்கும் மட்டும் ஆன விஷயம் இல்லை.

போன வாரம் உன் அம்மாவுக்கு நீ எழுதிய கடிதம் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். முதல் பக்கம் முழுக்க நல்ல சேதி. மீன்களை ஆராய்ச்சி செய்யும் உன் முசேவுக்கு, நம் கரையில் மீன் துரை என்று சொல்கிறார்களே அவருக்கு, சைகோனில் பெரிய உத்தியோகம் கிடைத்திருக்கிறது, உன்னையும் கூட்டிப்போகிறார், பங்குனி பத்தாம் தேதி கப்பல். உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் இன்னா எழுதியிருக்கான், படி" என்றாள். அடுத்த பக்கம் திருப்பினேன். நீங்கள் மூன்று வருடம் பாடுபட்ட புத்தகம் முடிந்துவிட்டது, சைகோனிலிருந்து அது பிரான்சுக்கு அச்சுக்குப் போகிறது, துரையின் பெயருக்குக் கீழே உன் பெயரும் வருகிறது என்று எழுதியிருந்தாய். அதுவரை எனக்கும் மார்பு நிமிர்ந்துதான் இருந்தது. அதற்குக் கீழே, அம்மாவுக்கும் விளங்கட்டும் என்று இரண்டு வரி. ஒரு பாரில் பிடித்துத் திரும்பக் கடலில் விட்ட சுறா அந்தப் பாருக்குத் திரும்பி வருவதில்லை. பார் மீன்களும் ஓரிடத்தில் தங்குவதில்லை, நீரோட்டம் இழுத்த பக்கம் போய்விடுகின்றன. இதை நாங்கள் நிரூபித்துவிட்டோம். அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். உன் அம்மா, உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

நிரூபித்துவிட்டீர்களா? எதை வைத்து நிரூபித்தீர்கள்? நம் கரைக்கு நேர் கிழக்கே, ரெட்டைப் பனை ஒற்றைப் பனையாகத் தெரியும் இடத்தில், கடலுக்கடியில் கல் கிடக்கிற அந்தப் பாரில் நாற்பது சுறாவைப் பிடித்தீர்கள். முதுகில் நிமிர்ந்து நிற்கும் பீலியில் துளை போட்டு, எண் அடித்த செப்புத் தகட்டைக் கம்பியால் கட்டித் திரும்பக் கடலில் விட்டீர்கள். கலவாய் மீனுக்கும் சின்னத் தகடு கட்டினீர்கள். தகட்டோடு மீன் பிடித்தால் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், வெகுமதி உண்டு என்று பாகூர்க் கொமின் ஆபீசில் அறிவிப்பு ஒட்டினீர்கள். மூன்று வருடத்தில் இரண்டே இரண்டு தகடு வந்தது. ஒன்று கடலூரிலிருந்து, இன்னொன்று காரைக்காலிலிருந்து. பனித்திட்டிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. ஆகையால் சுறா பனித்திட்டுக்குத் திரும்பவில்லை. இதுதானே உங்கள் கணக்கு? அட முட்டாளே, தகடு வரவில்லை என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். சுறா வரவில்லை என்று எந்தக் கையால் எழுதினாய்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்வார்கள். உன் ஏட்டுச் சுறா ஏட்டுக்கே உதவாது போலிருக்கிறது.

தகடுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்கிறாயா? அம்மன் கோயில் சூலத்தில் தொங்குகின்றன. பதினாறு தகடு. ஒன்பது சுறாவுடையது, ஏழு கலவாயுடையது. காற்றடித்தால் கலகலவென்று சத்தம் கேட்கிறது. இந்த மூன்று வருடத்தில் ஒரே ஒரு ஆடித் திருவிழாவுக்கு நீ வந்திருந்தால், சூலத்துக்கு எலுமிச்சம்பழம் குத்தப்போன இடத்தில் உன் முகத்துக்கு நேரே பார்த்திருப்பாய். நீ வரவில்லை. புதுச்சேரிக்கும் பனித்திட்டுக்கும் அரை நாள் வண்டிப் பயணம். அது உனக்குச் சைகோனைவிடத் தூரமாகப் போய்விட்டது.

இதில் எனக்கு வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? நம் கரை வழக்கம் தெரியாத எவனோ இந்தத் தப்பைச் செய்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். கடலிலிருந்து வருவதில் மீன் நமக்கு, மீனல்லாதது அம்மனுக்கு. வலையில் நங்கூரத் துண்டு வந்தாலும், கப்பல் ஆணி வந்தாலும், மீன் வயிற்றுக்குள் மோதிரமே இருந்தாலும் எவனும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான். நேரே கோயில்தான். உனக்கு ஏழு வயதில் ஒரு பாறை மீன் வயிற்றிலிருந்து பித்தளைப் பொத்தான் ஒன்று வந்தது, ஞாபகம் இருக்கிறதா? சிப்பாய்ச் சட்டைப் பொத்தான், நங்கூரம் பொறித்தது. நீ அதை வாய்க்குள் ஒளித்துக்கொண்டாய். உன் அம்மா உன் தாடையை அழுத்தித் துப்பவைத்தாள். நீ கத்திய கத்தலில் கரையே கூடிவிட்டது. அப்புறம் உன் கையாலேயே அதைச் சூலத்தில் கட்டவைத்தோம். அந்தப் பொத்தான் இன்னும் அங்கேதான் இருக்கிறது, பச்சை பிடித்துப்போய். உன் துரையின் தகடுகள் அதற்குப் பக்கத்தில்தான் தொங்குகின்றன. அந்தப் பொத்தானுக்காக அழுதவனுக்கா தெரியாது, பனித்திட்டுக்காரன் செப்புத் தகட்டை எங்கே கொண்டுபோய் வைப்பான் என்று? நீ பிரெஞ்சு கற்றுக்கொண்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதை மறந்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். உன்னை மட்டும் திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள மாட்டேன். முதல் தகடு வந்த அன்றே எனக்குத் தெரியும். எண்ணைப் படித்தேன். எந்தக் கட்டுமரத்தில் வந்தது, எந்த இடத்தில் வந்தது, எல்லாம் விசாரித்தேன். பதினாறில் பதினைந்து நம் பாரிலிருந்தே வந்தவை. கலவாய் ஏழும் கிட்டத்தட்ட விட்ட பொந்திலேயே திரும்பப் பிடிபட்டவை. துரை இதற்காகத்தான் காத்திருக்கிறார் என்பதும் தெரியும். உனக்கு ஒரு கடுதாசி போட்டிருந்தால் போதும். போடவில்லை. வேண்டுமென்றே போடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல மூன்று வருடம் மறைத்தேன். ஏன் என்றால், அதற்கு மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த மாசி மாதத்துக்குப் போக வேண்டும்.

அன்று காலையில் நீ துரையோடு முதல் தடவையாக நம் கரைக்கு வந்தாய். கால்சட்டை, தொப்பி, கையில் நோட்டுப் புத்தகம். நான் அப்போதுதான் கடலிலிருந்து ஏறி வந்தேன். இடுப்பில் கோவணம், உடம்பெல்லாம் உப்பு. உன்னைப் பார்த்ததும் ஓடிவந்தேன். துரை எனக்குக் கை நீட்டினார். நீட்டிக்கொண்டே உன்னிடம் என்னவோ கேட்டார். நீ என்னவோ சொன்னாய். அவர் தலையை ஆட்டிவிட்டு என்னிடம் பாரைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். என் பக்கத்தில் உன் மாமன் நின்றிருந்தான். பெரிய சண்டைக்குப் பிரான்சு வரைக்கும் போய்வந்த சொல்தா, அவனுக்குப் பிரெஞ்சு புரியும் என்பதை நீ அந்த நேரத்தில் மறந்துவிட்டாய். அவன் முகம் கறுத்துப் போனதைப் பார்த்தேன். சாயங்காலம் வரை அவனை விடாமல் கேட்டேன்.

"இன்னாடா சொன்னான் எம்புள்ள?"

"வுடு மச்சான். என்னமோ சொன்னான்."

"சொல்லப் போறியா இல்லியா?"

அவன் மணலைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "'இந்த ஊர்ல மீன்புடிக்கிற ஆளு. பாரு இருக்கிற எடம் இவருக்குத் தெரியும்'னான். மருவாதியாத்தான் சொன்னான் மச்சான். இவருன்னுதான் சொன்னான்."

மரியாதையாகத்தான் சொன்னாயாம். உன் அம்மா அன்று சங்கரா மீன் குழம்பு வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நீ வீட்டுக்கு வரவில்லை. துரையோடு வண்டியேறிப் போய்விட்டாய். "வூட்டுக்கு வராமயே பூட்டானா?" என்று அவள் கேட்டதற்கு, துரைக்கு அவசர வேலை என்று பொய் சொன்னேன். வெட்கப்பட்டாயோ, வேலை போய்விடும் என்று பயந்தாயோ, எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கே மனத்துக்குள் முடிவு செய்தேன். இடத்தைக் காட்டுகிற ஆள்தானே நான், இடத்தைக் காட்டிவிட்டேன், அதற்குமேல் தெரிந்ததை அவன் அப்பன் வேண்டுமானால் சொல்லட்டும். முதல் தகடு வந்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். நினைத்தபோது இனித்தது. இப்போது உன் கடிதத்தைப் படித்தபிறகு கசக்கிறது.

ஆனால் இதைவிடப் பழைய பாக்கி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம் வாங்கினேன். உன் மாமன் சண்டையிலிருந்து திரும்பி வந்த வருடம். உனக்கு ஒன்பது வயது. மாசியில் ஆற்றுக் கலங்கல் தெளிந்து, பாருக்கு மேலே தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும் நாள். கட்டுமரத்தின் முன்பக்கம் குப்புறப் படுத்து முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டே வருவாய். உனக்கு அதுதான் விளையாட்டு. அன்று தூண்டிலில் சங்கராவும் விளமீனும் அடித்துக்கொண்டே இருந்தன. திடீரென்று எல்லாக் கயிறும் சும்மா நின்றுவிட்டது. சுறா வந்தால் அப்படித்தான் ஆகும். சின்ன மீன் எல்லாம் கல்லை ஒட்டிக்கொள்ளும், கலவாய் பொந்துக்குள் பின்வாங்கும், இரையைக் கண்ணெதிரே தொங்கவிட்டாலும் தொடாது. நான் கயிற்றைச் சுருட்டப் போனேன். நீ தண்ணீரிலிருந்து முகத்தை எடுத்துக் கத்தினாய்: "அப்பா, போன வருசம் வந்த அதே சுறா! முதுகுல வெட்டு இருக்குது பாரு! நம்ம வெட்டுப்பீலிதான்பா!"

முந்தின வருடமே அதற்குப் பெயர் வைத்திருக்கிறாய். முதுகுப் பீலியின் மேல் நுனியில், ஆட்டுக்காதில் அடையாளத்துக்கு வெட்டுவார்களே அந்த மாதிரி ஒரு வெட்டு. அதை வைத்து வெட்டுப்பீலி. பக்கத்துக் கட்டுமரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் நம் கரையில் ஒரு பேச்சு உண்டு. சுறா ஒரே இடத்துக்குத் திரும்பி வருகிறது என்றால், அது ஆளைக் குறித்துவிட்டது, அந்த ஆளோடு எவனும் கடலுக்குப் போகக்கூடாது என்பார்கள். இது பரவினால் என் கட்டுமரத்தில் ஏற ஒருத்தன் வரமாட்டான். யோசிக்கவே இல்லை. உன்னை இழுத்து அறைந்தேன். "கடல்ல போனது திரும்புமாடா? பொய் சொல்றியா?" என்று இன்னொன்று அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அதோடும் விடவில்லை. பக்கத்துக் கட்டுமரத்துக்காரர்கள் பார்க்க, துடுப்பைத் தொட்டு, 'நான் ஒன்றும் பார்க்கவில்லை' என்று உன்னைச் சத்தியம் செய்யவைத்தேன். துடுப்பைத் தொட்டுச் சொன்னதை நம் கரையில் எவனும் மாற்றிப் பேச மாட்டான். நீ சத்தியம் செய்தாய். அதற்குப் பிறகு கட்டுமரத்தில் நீ முகத்தைத் தண்ணீருக்குள் விடவே இல்லை. அடுத்த வருடமே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம் என்று பிடிவாதம் பிடித்தாய். படிப்பில் உனக்கு ஆசை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னிடமிருந்து ஓடினாய்.

இன்னும் கேள். அடுத்த மாசியில் நான் அதைப் பார்த்தேன். என் கண்ணால். கட்டுமரத்துக்கு நாலு முழத்தில் மேலே வந்து சாய்ந்து போனது. அதே வெட்டு. அதற்கடுத்த வருடமும் பார்த்தேன். இரண்டு வருடம் கண்ணில் படவில்லை, செத்திருக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். அப்புறம் மறுபடியும் வந்தது, பெருத்துப்போய். மாசியில் வரும், பங்குனி பாதி வரைக்கும் பாரைச் சுற்றும், தெற்கேயிருந்து நீரோட்டம் திரும்பியதும் காணாமல் போகும். இத்தனை வருடமும் எனக்கு இது தெரியும். ஒருமுறை, ஒரே ஒருமுறை உன்னைக் கூப்பிட்டு, "டேய், நீ சொன்னது சரிதான்" என்று சொல்லியிருக்கலாம். லீவுக்கு நீ வீட்டுக்கு வருவாய், ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவோம், வார்த்தை தொண்டை வரைக்கும் வரும், குழம்போடு சேர்த்து விழுங்கிவிடுவேன். அப்பன் என்கிற திமிர். எந்த மீனையும் விலாவாரியாகச் சொல்லத் தெரிந்த எனக்கு இந்த ஒரு வரி வரவில்லை. நீ பிள்ளைகள் பெற்றால் அவர்களை அடிக்காதே என்று சொல்ல மாட்டேன், அடிக்காமல் வளர்க்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடித்தது தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஆறப்போட்டால் அது ஆறாது, சீழ் பிடிக்கும்.

உன் துரைமேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனிதர். பிடித்த மீனைத் திரும்பக் கடலில் விடுகிறார் என்பதற்காக ஊரே அவரைக் கரித்துக் கொட்டியது, நானும் சேர்ந்து கொட்டினேன். கையில் வந்த மீனை விடுவது சோற்றை எட்டி உதைப்பது மாதிரி என்று, தகடு கட்ட வந்த ஒரு நாள் அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன். நீ அதைப் பாதியாகக் குறைத்துத்தான் மொழிபெயர்த்திருப்பாய். துரை சிரித்துக்கொண்டே, அடியில் கண்ணாடி பதித்த அந்த மரப்பெட்டியை என்னிடம் கொடுத்துக் கடலுக்குள் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நாற்பது வருடம் அந்தப் பாருக்கு மேலே மிதந்தவன், அன்றுதான் அதன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கிளிமீன் கல்லைக் கடித்துத் தின்கிறது. ஒரு பெரிய கலவாய் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் நிற்க, விரல் நீள மீன் ஒன்று அதன் வாய்க்குள் போய் எதையோ பொறுக்கித் தின்றுவிட்டு வெளியே வருகிறது, கலவாய் அதை ஒன்றும் செய்யவில்லை. ஒன்பது வயதில் நீ இதையெல்லாம்தான் பார்த்திருப்பாய் என்று அப்போது தோன்றியது. பெட்டியிலிருந்து முகத்தை எடுத்தபோது நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தாய் என நினைக்கிறேன். "கண்ணாடி அழுக்கா கீது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இப்போது புரிகிறதா உன் புத்தகம் என்னை ஏன் இப்படிக் குடைகிறது என்று? சுறா திரும்பி வரும் என்று இந்தக் கரையில் முதலில் சொன்னவன் நீ. அதை உன் வாயிலிருந்து அடித்துப் பிடுங்கியவன் நான். நான் அடித்து வாங்கிய பொய்யை நீ இப்போது பிரெஞ்சில் எழுதி, கீழே உன் பெயரைப் போட்டு, கப்பலேற்றப் போகிறாய். எத்தனை பேர் அதைப் படிப்பார்களோ, எந்தக் கடலில் எவன் அதை நம்புவானோ. துரைக்கு ஒன்றும் ஆகாது. ஒருநாள் எவனாவது உண்மையைக் கண்டுபிடித்தால், கூட இருந்த கறுப்பன் தப்பாகச் சொன்னான் என்று போய்விடும். அந்த நாளைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன்.

உன் கடிதம் வந்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, நானும் உன் மாமனும் பாருக்குப் போனோம். தண்ணீர் தெளிவு. சங்கரா அடித்துக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. சுறாத் தூண்டில் முள்ளில் இரை குத்தி இறக்கினேன். அரை நாழிகை ஆகியிருக்காது, பிடித்தது. கையைப் பிய்த்தெடுத்துவிட்டது. உன் மாமன் பின்னாலிருந்து துடுப்புப் போட, நான் விட்டு விட்டு இழுக்க, வெயில் உச்சிக்கு வந்தபோது சோர்ந்துபோய்ப் பக்கத்தில் மிதந்தது. என்னைவிட நீளம். முதுகுப் பீலி தண்ணீருக்கு மேலே வந்தது. மேல் நுனியில் அந்த வெட்டு. அதற்குக் கீழே, கம்பியால் கட்டிய செப்புத் தகடு. பாசியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். எண் மூன்று.

மூன்று! நீங்கள் கட்டிய மூன்றாவது தகடு. முதல் பத்துத் தகட்டையும் உன் கையால்தான் கட்டினாய், துரை எண்ணை மட்டும் எழுதிக்கொண்டார், நான் பக்கத்தில் என் கட்டுமரத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பீலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் துளை போட்டாயே, உன் விரலுக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் அந்த வெட்டு இருந்திருக்கிறது. பார்க்கவில்லையா? பார்த்தும் அடையாளம் தெரியவில்லையா? இல்லை, தெரிந்தும், துடுப்பைத் தொட்டுச் சொன்ன சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டாயா? இந்த மூன்றாவது கேள்விதான் வெள்ளிக்கிழமையிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை. பதில் அதுவாக இருந்தால், இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டியது அத்தனையும் என்மேல்தான் வந்து விழும்.

உன் மாமன், "தலையில அடி மச்சான், கட்டையெடு, அடி!" என்று கத்தினான். நான் சூரிக்கத்தியை எடுத்தேன். முள்ளுக்கு மேலே சங்கிலி முடிகிற இடத்தில் கயிற்றை அறுத்தேன். அது கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. அப்புறம் வாலை ஒரு வீசு வீசிக் கல்லுக்குக் கீழே போய்விட்டது. நாற்பது வருடத்தில் கைக்கு வந்த மீனை நான் விட்டது இதுதான் முதல் தடவை. உன் மாமன் துடுப்பை எடுத்துக் கட்டுமரத்தைக் கரைப்பக்கம் திருப்பினான். கரையில் இறங்கி, எல்லாரும் கேட்க, "இந்தாளுக்குப் புத்தி பெரண்டு பூச்சு, இனிமே நான் இவரோட கடலுக்குப் போவமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இன்றுவரை வரவில்லை. எந்தப் பேச்சுக்குப் பயந்து உன்னை அடித்தேனோ, அந்தப் பேச்சு கடைசியில் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. தனியாகத்தான் துடுப்புப் போடுகிறேன்.

ஏன் விட்டேன் தெரியுமா? கொன்று தகட்டைக் கொண்டுவந்தால் அது சூலத்தில் பதினேழாவதாகத் தொங்கும். இடத்தைக் காட்டுகிற மீனவன் ஒருத்தன் சொன்னான் என்று ஆகும். உன் துரை எங்கே பிடித்தாய், எவன் பார்த்தான் என்று கேட்பார். அது உயிரோடு, தகட்டோடு, அந்தப் பாரிலேயே இருக்கட்டும். முள் வாயில் மாட்டியிருக்கிறது, துருப்பிடித்து விழுந்துவிடும், அதற்கு ஒன்றும் ஆகாது. பங்குனி பாதி வரைக்கும் அங்கேதான் சுற்றும். உன் கப்பல் பத்தாம் தேதி. இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. துரையைக் கூட்டிக்கொண்டு வா. கண்ணாடிப் பெட்டியைக் கொண்டு வா. சூலத்துத் தகடுகளைப் பற்றி ஊரைக் கேட்டுவிட்டேன். அவளுக்குக் கொடுத்ததை எடுக்கக் கூடாது, ஆனால் கோயிலுக்கு வந்து எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். எந்தத் தகடு எந்த நாளில் எங்கே வந்தது என்று அதைப் பிடித்தவர்களே உன்னிடம் சொல்வார்கள். கேட்டு எழுது. அவர்கள் பெயரையும் எழுது. இனிமேல் எந்தக் கடலுக்குப் போனாலும், அங்கே மீன்பிடிக்கிறவன் மீனல்லாததை எங்கே வைக்கிறான் என்று முதலில் கேட்டுக்கொள். வந்தால், நான் உன் அப்பன் என்று துரையிடம் சொல்லத்தான் வேண்டும் என்று இல்லை. அது உன் இஷ்டம். புத்தகத்தில் பொய் மட்டும் போகக் கூடாது.

உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுத எழுதப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "இம்மாம் பெரிய காயிதத்துல புள்ளயத் திட்டித்தான் எழுதியிருக்க, நல்லதா ஒரு வார்த்த எழுதுயா, கப்பலேறிப் போற புள்ள" என்கிறாள். எழுதுகிறேன். நீ சத்தியம் செய்த அந்தத் துடுப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பிடி தேய்ந்துபோய் இரண்டு தடவை கட்டுப் போட்டாயிற்று, தூக்கிப் போடவில்லை. இப்போது அதை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இடது கை அதன்மேல் இருக்கிறது. நாளைக்குக் கோயில் வாசலில் இதைப் படிக்கும்போதும், அன்றைக்குப் பார்த்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் பார்க்க, அப்படியே வைத்துக்கொண்டுதான் படிப்பேன். துடுப்பைத் தொட்டுச் சொல்கிறேன். அன்றைக்கு நீ பார்த்தாய். அது அதே சுறாதான். நீ பொய் சொல்லவில்லைடா.

உன் அப்பன்